அரிமளம் பஸ் எது

என் கணவர் இறந்துவிட்டதாக நம்புகிறேன் என்று நீதிபதி முன்னால் சொல்வதற்காகத் திலகவதி அன்று காலை எட்டேகால் பஸ்ஸில் அரிமளத்திலிருந்து திருமயம் போனாள். பக்கத்தில் மகன் கோபிநாத் உட்கார்ந்திருந்தான். மகள் பிரகதீஸ்வரி பொன்னமராவதியிலிருந்து நேராகக் கோர்ட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

கணவர் நல்லதம்பி காணாமல் போய் ஏழு வருடமும் சில மாதங்களும் ஆகியிருந்தன. மெயின் ரோட்டில் அவர் பெயரில் ஒரு கடை இருந்தது. ரோட்டை அகலப்படுத்துவதற்கு அதன் முன்பக்கத்தை எடுக்கப்போகிறார்கள். நஷ்டஈடு வாங்க உரிமையாளர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஏழு வருடமாக ஒரு தகவலும் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம், அதற்குக் கோர்ட்டில் தீர்ப்பு வாங்க வேண்டும் என்று வக்கீல் செம்மல் விளக்கினார்.

"மூணே கேள்விதாங்கம்மா. தேடிப் பாத்தீங்களா, தகவல் ஒண்ணும் வரலையா, இறந்துட்டாருன்னு நம்புறீங்களா. மூணுக்கும் ஆமான்னு சொன்னாப் போதும்" என்றார்.

நல்லதம்பி எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவர். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவர் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மோட்டார் எரிந்தவனின் முகத்தை அவருக்குப் பார்க்கப் பொறுக்காது. அதற்காகவே கடையில் ஒரு மோட்டாரைச் சும்மா வைத்திருப்பார். அதைக் கொண்டுபோய்க் கிணற்றில் மாட்டி, வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் எரிந்ததைப் பிரிக்கவே ஆரம்பிப்பார். திரும்பி வரும்போது வண்டியின் முன்னால் யாராவது கொடுத்த கடலைச் செடியோ பரங்கிக்காயோ இருக்கும். சாப்பிடும்போது அந்த வீட்டுக்காரர் பேசியதை அவர் குரலிலேயே பேசிக் காட்டுவார். பிள்ளைகள் சிரித்துப் புரையேறிக் கிடப்பார்கள்.

திலகவதிக்குக் கர்ப்பப்பை எடுத்த வருடம் பிரகதீஸ்வரி ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் சமையலும் துவையலும் அவர் கைக்குப் போயின. மகளுக்கு ரெட்டைச் சடை பின்னியதும் அவர்தான். "காயில் கட்டுற மாதிரி இறுக்குறாரும்மா, கண்ணு மேல ஏறிக்கிருச்சு" என்று அவள் தினமும் முறையிடுவாள். ஆனால் மூன்று மாதம் கழித்துத் திலகவதி சீப்பை எடுத்தபோது மகள் தலையைக் கொடுக்கவில்லை. "அப்பாதான்" என்று அவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பத்தாவது முடிக்கும்வரை அவர்தான் பின்னினார்.

மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த மாதத்தில்தான் அவருக்கு மறதி தொடங்கியது. காயில் கட்டுவதில் எத்தனை சுற்று என்பதுதான் எல்லாம். முப்பது வருடம் வருகிறவர்களோடு பேசிக்கொண்டே எண்ணிக்கை தவறாமல் சுற்றியவர், இப்போது கடைக்கதவைப் பாதி சாத்திக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பிரித்தார். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனவர் அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். கையைக் கழுவிக்கொண்டு, "சோத்தப் போடு திலகா" என்றார். விளையாடுகிறார் என்று அவள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சோறு போட்டாள். இரண்டு வாய் சாப்பிட்டவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

சமயபுரம் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு இருவரும் திருச்சியில் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். "அம்பத்துமூணு வயசுக்கு இது சீக்கிரம்தான். ஆனா சிலருக்கு வரும். மெல்ல மெல்லக் கூடிக்கிட்டே போகும். தனியா எங்கேயும் விடாதீங்க" என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் கீரனூர் தாண்டும்வரை நல்லதம்பி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அவள் கையைப் பிடித்தார். நாலு பேர் பார்க்கக் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர்.

"பாப்பா கல்யாணம் முடியிற வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம். பரம்பரையா வர்ற நோயின்னு மாப்பிள்ளை வீட்ல நெனச்சுட்டா அது வாழ்க்கை போயிரும். கோபிக்கும் சொல்லாத. சத்தியமா?"

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"அதக் கேக்கல. சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

அதன்பிறகு மறைப்பதே இருவருக்கும் வேலையானது. அவரும் கற்றுக்கொண்டார். ஆள் பெயர் மறந்தால் "வாங்க மாப்ள" என்பார். வழி மறந்தால் கேலி செய்வதுபோல எதிரில் வருகிறவரையே கேட்பார். கேட்டவர் சிரித்தால் தானும் சேர்ந்து சிரித்துவிடுவார். போனைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டு வந்ததால் அதைத் திலகவதியே வைத்துக்கொண்டாள்.

ஆடிக் கடைசியில், முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுக்க இருவரும் புதுக்கோட்டை போனார்கள். ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். வேட்டி எடுத்து முடித்ததும் அவரைக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இங்கிட்டே இருங்க. மாடியில ரவிக்கைத் துணி பாத்துட்டு வந்துர்றேன்."

"போ, போ. நான் என்ன சின்னப்புள்ளையா" என்றார்.

இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. இறங்கி வந்தபோது அந்த நாற்காலியில் வேறொருத்தி குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். கடை முழுக்கத் தேடிவிட்டுத் திலகவதி பதற்றத்தில் அவர் எண்ணுக்குப் போன் போட்டாள். மணி அவள் பைக்குள்ளேயே அடித்தது.

மறுநாள் காலை காவல் நிலையத்துக்குப் போனபோது அவளோடு கோபிநாத்தும், மாப்பிள்ளையின் தாய்மாமன் சேவுகனும் வந்தார்கள். சேவுகன் ஒத்தாசைக்கென்றுதான் வந்திருந்தார். புகாரை எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் தலைநிமிராமல் கேட்டார்.

"வீட்ல ஏதும் சண்டையா?"

"இல்லைங்க."

"மறதி, மனசு சரியில்ல, அந்த மாதிரி ஏதும் உண்டா?"

சேவுகன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லைங்க. நல்லாத் தெளிவா இருந்தாரு" என்றாள் திலகவதி.

போலீஸ்காரர் அப்படியே எழுதிக்கொண்டார். ஒட்டிய நோட்டீசிலும் பெயர், வயது, மாநிறம், இடது கையில் பழைய தீக்காயம், வெள்ளைச் சட்டை என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அரிமளம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த திருப்பதி, அன்று மாலை நான்கு மணிக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததாகவும், தன்னிடம் சிரித்துப் பேசியதாகவும் போலீசில் சொன்னான். தெளிவான மனிதர், சிரித்த முகத்தோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறார், வீட்டுக்கு வரவில்லை. அப்படியானால் அவராகத்தான் போயிருக்கிறார் என்று போலீசும் முடிவு கட்டியது, ஊரும் முடிவு கட்டியது.

பத்திரிகை கொடுத்த கல்யாணத்தை நிறுத்தக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நல்லதம்பி நிற்க வேண்டிய இடத்தில் திலகவதியின் அண்ணன் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார். தாலி ஏறும்வரை பிரகதீஸ்வரி மண்டப வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

காரைக்குடியில் ஒருத்தியோடு இருக்கிறார் என்று ஒரு பேச்சு வந்தது. பழனி அடிவாரத்தில் காவி கட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று இன்னொரு பேச்சு. புகுந்த வீட்டில் பிரகதீஸ்வரி பக்கத்துத் தெருவுக்குக் கிளம்பினால்கூட, "ஒங்கப்பன் மாதிரி சொல்லாமக் கொள்ளாமப் போயிராதத்தா" என்று யாராவது வேடிக்கை பேசுவார்கள். ஒருமுறை திலகவதி அவரைப் பற்றி ஏதோ தொடங்கியபோது மகள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்தாளப் பத்தி எங்கிட்டப் பேசாதம்மா. போகணும்னா எங்கல்யாணம் முடிஞ்சு போயிருக்கலாம்ல. ஒம்போது நாள் பொறுக்க முடியல அவருக்கு."

கல்யாணம் முடிந்த மறுநாளே திலகவதி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சத்தியத்தின் கெடு அதோடு முடிந்துவிட்டது. ஆனால் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. மறுவீடு முடியட்டும் என்று தள்ளினாள். மகள் உண்டாகியிருந்தாள், பிரசவம் ஆகட்டும் என்று தள்ளினாள். அதற்குப் பிறகு காரணம் எதுவும் தேவைப்படவில்லை. வாயைத் திறக்கவே முடியாமல் போய்விட்டது.

தேடுவதை மட்டும் அவள் விடவில்லை. மாதம் ஒருமுறை தனியாகக் கிளம்புவாள். திருச்சி, மதுரை, ராமேஸ்வரம் என்று ஆதரவற்றோர் இல்லங்களின் கதவைத் தட்டிப் போட்டோவைக் காட்டுவாள். "மறதி உண்டுங்க. பேரு கேட்டாச் சொல்லத் தெரியாது. சிரிச்சுச் சமாளிச்சுருவாரு" என்று சொல்வாள். முன்பின் தெரியாதவர்களிடம்தான் அவளால் அதைச் சொல்ல முடிந்தது. அவர்கள் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

கோர்ட்டில் பதினொன்றரை மணிக்கு அவர்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். முதலில் கோபிநாத் ஏறினான். தேடினோம், கிடைக்கவில்லை, தகவல் இல்லை என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டு இறங்கினான். அடுத்துத் திருப்பதியைக் கூப்பிட்டார்கள். கடைசியாகப் பார்த்த சாட்சி அவன்தான். அவனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான்.

"நல்லதம்பிய எப்பக் கடைசியாப் பாத்தீங்க?" என்று செம்மல் கேட்டார்.

"ஆடி மாசமுங்கய்யா. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல, சாயங்காலம் நாலு மணி. எம்பஸ்ஸு பக்கத்துல நான் நிக்கிறேன். நேரா எங்கிட்ட வந்து, 'தம்பி, அரிமளம் பஸ் எது'ன்னாரு. கண்ணுக்கு நேரா போர்டு இருக்கு, நான் பையும் விசிலுமா நிக்கிறேன். வருசக்கணக்கா அதே பஸ்ஸுல வர்ற மனுசன். 'ஏண்ணே, இதப் பாத்தா ஏரோப்பிளேன் மாதிரியா தெரியுது'ன்னேன். சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். டீ குடிச்சுட்டு வந்து பாத்தா ஆளக் காணோம். முன்னாடி பஸ்ஸுல ஏறிட்டாரு போலன்னு ரைட் குடுத்துட்டேன்." சற்று நிறுத்திவிட்டுக் கேட்காத ஒன்றையும் சொன்னான். "நல்ல மனுசன்ங்கய்யா. எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒரு வாரம் எங்க வயலுக்குத் தண்ணி கட்டுனது அவருதான்."

அவர் சிரித்துப் பேசினார் என்பதுதான் இத்தனை வருடமாகத் திலகவதிக்குத் தெரிந்தது. என்ன பேசினார் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெயரைக் கூப்பிட்டபோது கோபிநாத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

செம்மலின் முதல் இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்றாள். மூன்றாவதைக் கேட்பதற்கு முன் அரசு வக்கீல் எழுந்து வழக்குக் கட்டைப் புரட்டினார். அவர் கடுமையானவர் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"போலீஸ்ல குடுத்த புகார்ல, அவரு நல்லாத் தெளிவா இருந்தாருன்னு சொல்லியிருக்கீங்க. தெளிவா இருந்த ஆள் அவரா எங்கேயாவது போயிருக்கலாம் இல்லையா? இன்னைக்கும் எங்கேயோ நல்லா இருக்கலாம் இல்லையாம்மா?"

திலகவதி திருப்பதியைத் திரும்பிப் பார்த்தாள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்கம்மா."

"அது நான் சொன்ன பொய்யிங்கய்யா" என்றாள். "அவருக்கு மறதி நோய் இருந்துச்சு. திருச்சியில டாக்டரு சொன்னாரு. தனியா விடாதீங்கன்னு சொன்னாரு. நான் விட்டுட்டு மாடிக்குப் போயிட்டேன். போலீஸ்ல கேட்டப்ப இல்லைன்னுட்டேன். பஸ் ஸ்டாண்டுல அவரு வெளையாட்டுக்குக் கேக்கலைங்கய்யா. வீட்டுக்கு வரத்தான் பஸ் கேட்டிருக்காரு."

பிரகதீஸ்வரி உட்கார்ந்திருந்த பின்வரிசையில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொடுக்கச் சொன்னார் நீதிபதி. அவள் வேண்டாம் என்றாள். இறந்துவிட்டார் என்று நம்புகிறீர்களா என்ற மூன்றாவது கேள்வியை அவரே கேட்டார்.

"பசிச்சாச் சொல்லத் தெரியாதுங்கய்யா அவருக்கு. நான்தான் மணி பாத்துப் போடுவேன்" என்றாள். பிறகு, "ஆமா" என்றாள்.

வெளியே வந்தபோது திருப்பதி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்து எழுந்தான்.

"அண்ணி, நெசமாவே தெரியாமத்தான் கேட்டாரா?"

அவள் தலையசைத்தாள்.

"கையப் புடிச்சு ஏத்தியிருந்தா முக்காமணி நேரத்துல வீட்டு வாசல்ல எறக்கி விட்டிருப்பேனே."

"நீ என்னப்பா செய்வ. ஒனக்குத்தான் யாரும் சொல்லலையே."

அவன் அதற்குமேல் நிற்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற நினைவே இல்லாமல் கேட்டைத் தாண்டிப் போனான்.

கோபிநாத் வக்கீலோடு உள்ளே இருந்தான். வேப்பமரத்தடியில் பிரகதீஸ்வரி நின்றிருந்தாள். அழுதிருந்தாள், ஆனால் இப்போது அழவில்லை.

"எம்புள்ளைக்கு அவரு போட்டோவக்கூட நான் காட்டுனதில்ல" என்றாள். "தாத்தா எங்கன்னு கேட்டா, இல்லைன்னு மட்டும் சொல்லுவேன். நான் அவர என்னென்ன நெனச்சேன்னு ஒனக்குத் தெரியும். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"கேட்டேன்" என்றாள் திலகவதி.

"சொல்ல வேணாம்னு அப்பா சொன்னாரா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தன் பாரம் பாதி இறங்கிவிடும் என்று திலகவதிக்குத் தெரிந்தது. அந்தப் பாதி எங்கே போய் ஏறும் என்பதும் தெரிந்தது. உன் கல்யாணத்துக்காகத்தான் அவர் அந்தச் சத்தியம் வாங்கினார் என்று கேட்ட பிறகு இவள் எப்படி அந்த வீட்டில் படுத்து எழுவாள்?

"இல்ல. அவருக்கு நோயின்னே தெரியாது. நான்தான் மறச்சேன்."

"எங்கல்யாணத்துக்காகவா?"

"ஒனக்காக இல்ல. எனக்கு வெக்கமா இருந்துச்சு. நாலு பேரு பைத்தியக்காரன் பொண்டாட்டின்னு சொல்லுவாகன்னு."

பிரகதீஸ்வரி அவளை வெகுநேரம் பார்த்தாள். ஏதாவது திட்டுவாள் என்று திலகவதி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொன்னமராவதி பஸ் நிற்கும் பக்கம் நடந்துவிட்டாள்.

இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. சான்றிதழும் வந்தது. கருமாதிக்கு எந்தத் திதி என்று யாருக்கும் தெரியாததால், வருகிற அமாவாசைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கோர்ட்டில் நடந்தது அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. எதிர்பாராத கூட்டம் வந்தது. காரைக்குடிக் கதையைப் பரப்பியவர்களும் வந்தார்கள். நல்லதம்பியின் போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் தீபாவளியன்று கிணற்றில் இறங்கி அவர் மோட்டாரை ஏற்றிக் கொடுத்ததைச் சொன்னார். மீனம்மாள் என்கிற விதவை, பன்னிரண்டு வருடம் தன் மோட்டாரை அவர் சொந்த வீட்டு மோட்டார் மாதிரிப் பார்த்துக்கொண்டார் என்று சொல்லி அழுதாள். அவர்கள் பேசியது எல்லாவற்றையும் பிரகதீஸ்வரி நின்று கேட்டாள். வந்தவர்களுக்கு இலை போட்டாள். அம்மாவின் தாலியைக் கழற்றும் சடங்கின்போது மட்டும் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மறுநாள் காலை கிளம்பும்போது அண்ணன் கோபிநாத்திடம் மட்டும் சொல்லிக்கொண்டாள்.

கோபிநாத்தும் பத்து நாளில் வேலைக்குத் திரும்பினான். கடையின் முன்பக்கம் இடிபட்டது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் திலகவதி பொன்னமராவதிக்குப் போன் போடுவாள். பேத்தி ஹரிணிதான் எடுப்பாள். அம்மா குளிக்கிறாங்க, அம்மா துணி காயப்போடுறாங்க என்பாள். போன வாரம் எடுத்தவள் எதுவும் சொல்லாமல் போனைக் கையில் பிடித்தபடியே எங்கோ உட்கார்ந்துவிட்டாள். உள்ளிருந்து பிரகதீஸ்வரியின் குரல் வந்தது. பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள் போல.

"...அன்னைக்குக் கம்மா ஒடைஞ்சு ரோடெல்லாம் தண்ணி. பள்ளிக்கூடத்துல மாட்டிக்கிட்டேன். தாத்தா வந்து என்னையத் தோள்ல ஏத்திக்கிட்டாரு. இடுப்பளவு தண்ணி. நடுவுல போனதும் நின்னுட்டாரு. நின்னு என்னையப் பாத்து என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்னம்மா சொன்னாரு?"

கண்மாய் உடைந்த அந்த வருடம் திலகவதிக்கு நினைவிருந்தது. அன்று அப்பாவும் மகளும் நனைந்துபோய் வந்தது நினைவிருந்தது. நடுத்தண்ணீரில் அவர் நின்றதோ, ஏதோ சொன்னதோ அவளுக்குத் தெரியாது. அவர் அவளிடம் சொன்னதில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாருடி அது போன்ல?" என்றது மகளின் குரல்.

"அம்மாயி."

சீப்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு போன் நின்றுவிட்டது. திலகவதி மறுபடி அடித்தாள். முழுவதும் அடித்து ஓய்ந்தது, யாரும் எடுக்கவில்லை.